கேலிச்சித்திரம் எப்படி வேலை செய்கிறது? இரோனிமுஸின் கோடுகளை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒருவருடைய மூக்கையோ காதையோ பெரிதாக்கி, உடம்பைச் சிறிதாக்கி, பார்ப்பவர் சிரிக்கும்படி வரைந்துவிட்டால் அது கேலிச்சித்திரம் ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கைப்பேசிச் செயலிகள் ஒளிப்படத்தை உப்பலாக்கிக் காட்டிவிட்டு அதற்கும் இதே பெயரைச் சூட்டுகின்றன. அரசியல் தலைவர் ஒருவரின் சித்திரம் நாளிதழில் வந்து சர்ச்சையாகும்போதோ, கேலிச்சித்திரம் என்றாலே ஆளை அவமதிப்பதுதான் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. முதல் எண்ணம் இந்தக் கலையின் வழிமுறையைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. இரண்டாவது அதன் நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறது.

இவ்விரண்டையும் சரிசெய்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கை நமக்கு நன்றாக உதவும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த குஸ்டாவ் பைஷ்ல் (1928–2019) பகலில் கட்டடக்கலைஞராகவும், நாளிதழ் வாசகர்களுக்கு ‘இரோனிமுஸ்’ என்ற பெயரில் கேலிச்சித்திரக்காரராகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவர். அவர் பிறந்து, படித்து, மறைந்த வியன்னா நகரில்தான் கேலிச்சித்திரம் மனித மனத்தில் எப்படி இயங்குகிறது என்ற கேள்வியை இரண்டு அறிஞர்கள் முதன்முதலில் ஆழமாக ஆராய்ந்தார்கள். ஆகவே கலையையும் அதன் கோட்பாட்டையும் ஒரே ஊரில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முதலில் மூன்று பெயர்கள்

நாம் பொதுவாக ‘கார்ட்டூன்’ என்று சொல்லிவிடுவதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. கதைக்கோ கட்டுரைக்கோ துணையாக, அதில் சொல்லப்பட்ட காட்சியைக் கண்முன் நிறுத்துவது விளக்கச்சித்திரம். ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய கருத்தை, விமர்சனத்தை, ஒரே சட்டகத்துக்குள் சொல்வது கருத்துப்படம். குறிப்பிட்ட ஒரு மனிதரின் தோற்றத்தை, அவர் இன்னார்தான் என்று உடனே தெரியும்படி மிகைப்படுத்தி வரைவது கேலிச்சித்திரம். நாளிதழில் வரும் அரசியல் படங்களில் பின்னிரண்டும் கலந்தே வருகின்றன. பேசப்படுவது கருத்து, பேசப்படும் ஆளை அடையாளம் காட்டுவது கேலிச்சித்திரம். இந்தக் கட்டுரை பெரிதும் மூன்றாவதைப் பற்றியது.

ஓர் ஆளை அடையாளம் சொல்வது

ஊரிலிருந்து வரும் உறவினர் ஒருவரை ரயில் நிலையத்துக்குப் போய் அழைத்துவரும்படி, அவரைப் பார்த்தே இராத ஒருவரை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு கண், ஒரு மூக்கு, நடுத்தர உயரம் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ‘நெடுநெடுவென்று உயரமாக இருப்பார், புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்’ என்று மூன்றே செய்திகளைச் சொல்கிறோம். மற்றவர்களைப் போலவே இருக்கிற நூறு விவரங்களை விட்டுவிட்டு, மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிற மூன்று விவரங்களைப் பொறுக்கியெடுக்கிறோம். அதோடு நிற்பதுமில்லை. ‘கொஞ்சம் உயரம்’ என்பது நம் வாயில் ‘நெடுநெடு’ ஆகிவிடுகிறது. நாம் பொய் சொல்லவில்லை. கூட்டத்தில் தேடப்போகிறவருக்கு அந்த மிகைதான் உதவும் என்று நமக்குத் தெரியும்.

கேலிச்சித்திரத்தின் அடிப்படை இந்த இரண்டு செயல்கள்தாம். வேறுபடுவதைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. அந்த வேறுபாட்டை இன்னும் சற்றுத் தள்ளி வைப்பது மற்றொன்று.

சராசரியும் விலகலும்

இங்கே இரண்டு கலைச்சொற்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நாம் வாழ்நாள் முழுவதும் பார்த்த முகங்களிலிருந்து, பொதுவாக முகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஓர் அளவுகோல் நமக்கே தெரியாமல் மனத்தில் உருவாகியிருக்கிறது. அதைச் சராசரி முகம் எனலாம். குறிப்பிட்ட ஒரு முகம் அந்த அளவுகோலிலிருந்து எங்கெங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு விலகுகிறது என்பதை விலகல் எனலாம்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. சராசரி முகத்தில் இரு கண்களுக்கும் இடையே 60 அலகு இடைவெளி என்று கொள்வோம். நாம் வரைய வேண்டியவருக்கு அது 66. விலகல் 6 அலகு. அந்த விலகலை மட்டும் பாதியளவு கூட்டினால் இடைவெளி 69 ஆகும். இன்னொருவருக்கு அதே இடைவெளி 54 என்றால், விலகல் எதிர்ப்பக்கமாக 6. அதைப் பாதியளவு கூட்டும்போது இடைவெளி 51 ஆகச் சுருங்கும். மூன்றாமவருக்குச் சரியாக 60 என்றால் எவ்வளவு கூட்டினாலும் 60 ஆகவே நிற்கும்.

இந்தக் கணக்கை நிதானமாக இன்னொரு முறை படிப்பது நல்லது, ஏனெனில் பரவலான தவறான எண்ணம் இங்கேதான் உடைகிறது. கூட்டப்படுவது உறுப்பு அன்று, வேறுபாடு. சிறிய மூக்கு உள்ளவரைக் கேலிச்சித்திரமாக வரையும்போது மூக்கு இன்னும் சிறிதாக வேண்டும். சராசரி மூக்கு உள்ளவருக்கு மூக்கைத் தொடவே கூடாது. எல்லோருக்கும் மூக்கைப் பெரிதாக்கும் செயலி ஒரே ஆளைத்தான் திரும்பத் திரும்ப வரைகிறது.

1982இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சூசன் பிரென்னன் என்ற ஆய்வாளர் இதையே ஒரு கணினி நிரலாக எழுதிக் காட்டினார். முகத்தின் முக்கியமான புள்ளிகளைக் குறித்து, சராசரி முகத்தின் புள்ளிகளோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் பெருக்கிக் கோடுகளால் இணைக்கும் நிரல் அது. பின்னர், 1987இல் கில்லியன் ரோட்ஸும் பிரென்னனும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பழக்கமான முகங்களின் கோட்டுச்சித்திரங்களை மூன்று விதமாக மக்களுக்குக் காட்டிப் பார்த்தார்கள்: உள்ளது உள்ளபடி வரைந்தவை, விலகலைக் கூட்டியவை, விலகலைக் குறைத்துச் சராசரியை நோக்கி நகர்த்தியவை. விலகலைக் கூட்டிய படங்களை மக்கள் மற்றவற்றைவிட விரைவாக அடையாளம் கண்டார்கள். சராசரியை நோக்கி நகர்த்திய படங்களில்தான் மிகவும் தடுமாறினார்கள். மிகைப்படுத்தல் உருவ ஒற்றுமையைக் கெடுக்கும் என்ற நம் எதிர்பார்ப்புக்கு இது நேர் எதிரான முடிவு.

எந்தக் கலைஞரும் அளவுகோலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு வரைவதில்லை. நிரலுக்குத் தெரியாத பலவும் கலைஞருக்குத் தெரியும்: ஒருவர் நிற்கும் விதம், கையை வைத்துக்கொள்ளும் இடம், பேசுவதற்கு முன் உதடு கோணும் கோணம். ஆயினும் அவர் கண்ணால் செய்வதன் எலும்புக்கூடு இந்தக் கணக்குத்தான்.

சுருக்கமாக: நம் மனத்தில் ஒரு சராசரி முகம் இருக்கிறது, ஒவ்வொரு ஆளையும் அதிலிருந்து அவர் விலகும் விதத்தை வைத்தே நினைவில் கொள்கிறோம், கேலிச்சித்திரம் அந்த விலகலைக் கூட்டுவதால் ஆளை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது.

அரசரும் பேரிக்காயும்

இந்த வழிமுறையைப் படிப்படியாகக் கண்முன் காட்டும் பழைய சான்று பாரிஸில் இருக்கிறது. பிரான்சின் அரசர் லூயி ஃபிலிப்பைக் கேலி செய்ததாக இதழாசிரியர் ஷார்ல் ஃபிலிப்போன் 1831 நவம்பரில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் தம் தரப்பை வாதிடுவதற்கு நான்கு சித்திரங்களைப் பயன்படுத்தினார். முதலாவது அரசரின் முகம், கிட்டத்தட்ட உள்ளபடியே: மேலே குறுகிய நெற்றி, உச்சியில் குவிந்த முடி, கீழே இருபுறமும் தொங்கும் கனத்த கன்னங்கள். இரண்டாவதில் கன்னங்கள் இன்னும் சரிகின்றன, உச்சி இன்னும் குறுகுகிறது. மூன்றாவதில் கண்ணும் வாயும் சில கோடுகளாகச் சுருங்கிவிட, வெளிக்கோடு மட்டும் முன்னுக்கு வருகிறது. நான்காவதில் இருப்பது காம்பும் இலையும் கொண்ட ஒரு பேரிக்காய். முதற்படம் குற்றமில்லை என்றால் அதைப் போன்ற இரண்டாவதும் குற்றமில்லை, அதைப் போன்ற மூன்றாவதும் குற்றமில்லை, அப்படியானால் பேரிக்காய் எப்படிக் குற்றமாகும் என்பதே அவர் வாதம். நீதிமன்றம் அதை ஏற்காமல் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் பேரிக்காய் பிரான்சு முழுவதும் அரசரின் அடையாளமாகிச் சுவர்களில் ஏறிவிட்டது. அவருடைய இதழில் வரைந்த தோமியே என்ற பெருங்கலைஞரும் அரசரை வரைந்ததற்காக 1832இல் சிறை சென்றார்.

நான்கு படங்களையும் வரிசையாகப் பார்க்கும்போது, ஒவ்வொரு படியிலும் சேர்க்கப்பட்டதைவிட நீக்கப்பட்டதே அதிகம் என்பது தெரியும். கடைசிப் படத்தில் முகமே பேரிக்காயாகிவிட்டது, ஆனால் ஆள் இருக்கிறார். இந்த நீக்கும் திறமைதான் இரோனிமுஸின் வாழ்நாள் தொழில்.

நான்கு படைகள் இருந்த நகரத்தில் ஒரு புனைபெயர்

குஸ்டாவ் பைஷ்ல் 1928 மார்ச் 18 அன்று வியன்னாவில் பிறந்தார். அவருடைய இளமைப் பருவம் போரிலும் அதன் பின்விளைவுகளிலும் கழிந்தது. 1945 முதல் 1955 வரை ஆஸ்திரியா அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்சு ஆகிய நான்கு வல்லரசுகளின் படைகளுடைய பொறுப்பில் பகுதி பகுதியாகப் பிரிந்து கிடந்தது. தலைநகர் வியன்னாவும் அவ்வாறே பங்கிடப்பட்டு, நகரின் மையப்பகுதி மட்டும் நால்வருக்கும் பொதுவாக இருந்தது. அந்த ஆண்டுகளில் வியன்னா நுண்கலைக் கழகத்தில், கிளெமென்ஸ் ஹோல்ட்ஸ்மைஸ்டர் என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம், பைஷ்ல் கட்டடக்கலை பயின்றார்.

படிக்கும் காலத்திலேயே கேலிச்சித்திரமும் வரைந்தார். சோவியத் அதிகாரிகளைச் சீண்டும் சித்திரத்தில் சொந்தப் பெயரை எழுதுவது ஆபத்து என்பதால் இரோனிமுஸ் என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். 1955 மே 15 அன்று வியன்னாவின் பெல்வெடேர் மாளிகையில், ஆஸ்திரியாவுக்கு மீண்டும் சுதந்திரம் தந்த அரச ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்நியப் படைகள் வெளியேறின. ஆபத்து நீங்கியும் புனைபெயர் நிலைத்துவிட்டது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து வியன்னாவின் ‘டீ பிரெஸ்ஸ’ நாளிதழில் அவர் தொடர்ந்து வரைந்தார். ஜெர்மனியில் மியூனிக்கிலிருந்து வரும் ‘ஸூட்டாய்ச்ச ட்சைட்டுங்’ நாளிதழிலும் அவருடைய சித்திரங்கள் இடம்பெற்றன.

‘டீ பிரெஸ்ஸ’வில் அவர் வரையத் தொடங்கிய காலத்துப் பிரதமர் யூலியுஸ் ராபுக்கு உருண்டைத் தலை, வழுக்கை, சிறிய மீசை, வாயில் மெல்லிய நீண்ட சுருட்டு. 1970 முதல் 1983 வரை பிரதமராக இருந்த புரூனோ கிரைஸ்கிக்கோ சுருள் முடி, தடித்த சட்டமிட்ட கண்ணாடி, சற்றே முன்தள்ளிய கீழுதடு. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்த்தால், முன்பு பார்த்த கணக்கு உயிரோடு நிற்பது தெரியும். ராபை வரையும்போது கவனம் தலையின் வெளிக்கோட்டுக்குப் போக வேண்டும். கிரைஸ்கியை வரையும்போது கண்ணாடிக்கும் உதட்டுக்கும் போக வேண்டும். எங்கே விலகல் இருக்கிறதோ அங்கே பேனா நிற்கிறது.

நாளிதழ் வேலைக்கு இன்னொரு தன்மையும் உண்டு. ஒரே பிரதமரை நூற்றுக்கணக்கான முறை வரைய வேண்டியிருக்கும். முதல் சில மாதங்களில் வாசகருக்கு ஆளை அறிமுகப்படுத்தப் பல கோடுகள் வேண்டும். போகப்போக வாசகரும் கலைஞரோடு சேர்ந்தே பழகிவிடுவதால், கோடுகளைக் குறைத்துக்கொண்டே வரலாம். இறுதியில் ஒரு கண்ணாடிச் சட்டமும் ஒரு சுருள் முடியும் போதும். ஆக, கேலிச்சித்திரத்தில் பாதி வேலையை வாசகரின் நினைவு செய்கிறது. வெளிநாட்டுப் பழைய இதழ் ஒன்றைப் புரட்டும்போது அதன் கேலிச்சித்திரங்கள் நமக்கு ஊமையாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அந்தப் பாதி நம்மிடம் இல்லை.

கோடு, அச்சு, கட்டடம்

இரோனிமுஸின் சித்திரங்களில் நிழலடிப்பு குறைவு. சுத்தமான, ஒரே மூச்சில் இழுத்ததுபோன்ற மைக்கோடுகள், சுற்றிலும் தாராளமான வெற்றிடம். இதில் அவருடைய ரசனையோடு தொழில்நுட்பமும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கால நாளிதழ்த் தாள் கரடுமுரடானது. சாம்பல் நிறச் சாயல்களைச் சிறு புள்ளிகளாக உடைத்துத்தான் அதில் அச்சிட முடியும், அவையும் பல சமயம் கலங்கிவிடும். கறுப்புக் கோடு மட்டும் எந்தத் தாளிலும் நிற்கும். நாளிதழில் வரைபவர்கள் கோட்டிலேயே அனைத்தையும் சொல்லப் பழகியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கட்டடக்கலைஞராக அவர் செய்த பணி இதிலிருந்து விலகிய தனி உலகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்திரிய ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான ஓ.ஆர்.எஃப்.க்காக 1970களின் தொடக்கத்தில் லின்ட்ஸ், சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், டோர்ன்பிர்ன் ஆகிய ஊர்களில் அவர் எழுப்பிய மாநில ஒலிபரப்பு நிலையங்கள் அனைத்தும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை: நடுவில் வட்டமான கூடம், அதைச் சுற்றி விசிறிபோல் பிரிந்து நிற்கும் பகுதிகள். மேலிருந்து பார்த்தால் துண்டு போட்ட கேக்கைப் போலிருப்பதால் மக்கள் அவற்றை ‘பைஷ்ல் கேக்’ என்றே அழைத்தார்கள். கட்டடத்துக்குச் செல்லப்பெயர் வைக்க மக்களால் முடிகிறது என்றால், அதற்கு மறக்க முடியாத ஒரு வெளிக்கோடு இருக்கிறது என்று பொருள். பேரிக்காயில் நடந்ததும் அதுவே.

ஸ்டைரியா மாநிலத்தின் அஃப்லென்ட்ஸில் 1970களின் இறுதியில் அவர் கட்டிய செயற்கைக்கோள் தொடர்பு நிலையமோ பெரும்பகுதி நிலத்துக்குள் புதைந்திருக்கிறது. மேலே புல்வெளி, நடுவில் வட்ட முற்றம், அருகே அலைவாங்கிகள். மலைகள் சூழ்ந்த நிலத்தில் எதைக் கட்டாமல் விடுவது என்று யோசித்த மனம் அதில் தெரிகிறது. பெர்லினின் டேகல் பகுதியில் நீரிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் ஆலையை, கரையோரம் நிற்கும் கப்பலின் சாயலில் அமைத்தார். ஜெர்மனியின் பான் நகரில் 1992இல் திறக்கப்பட்ட கூட்டாட்சிக் கலைக்கூடத்தின் கூரையில் மூன்று கூம்புகள் எழுந்து நிற்கின்றன. அதற்குத் துணையாக நிற்கும் 16 தூண்கள் ஜெர்மனியின் 16 மாநிலங்களைக் குறிப்பவை. அந்தக் கட்டடத்தை ஒரு சிறுவன்கூட நினைவிலிருந்து நான்கைந்து கோடுகளில் வரைந்துவிடலாம். 1973 முதல் நுண்கலைக் கழகத்தில் பேராசிரியராகவும், பின்னர் அதன் தலைவராகவும் இருந்தார்.

சுருக்கமாக: தேவையில்லாததை விட்டுவிடும் கண்தான் அவருடைய இரண்டு தொழில்களுக்கும் பொது, வாசகரின் நினைவும் அச்சுத்தாளின் இயல்பும் அந்தச் சிக்கனத்துக்குத் துணை நின்றன.

மிகைக்கு அடியில் துல்லியம்

உள்ளபடி வரையத் தெரியாதவர்கள்தாம் கேலிச்சித்திரம் வரைவார்கள் என்றொரு எண்ணமும் உண்டு. வியன்னாவின் இன்னொரு கலைஞரான பில் ஷ்பீராவின் (1913–1999) கதை இதற்குப் போதுமான பதில். 1938இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கும்வரை வியன்னாவின் நாளிதழ்களில் கேலிச்சித்திரம் வரைந்தவர் அவர்; யூதர் என்பதால் பிரான்சுக்குத் தப்பினார். 1940இல் பிரான்சும் வீழ்ந்தபின் மார்செய் துறைமுகத்தில், அமெரிக்கரான வேரியன் ஃப்ரை நாஜிகளிடமிருந்து கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் தப்புவிக்க ஒரு குழுவை நடத்தினார். அந்தக் குழுவுக்காக ஷ்பீரா போலி அடையாள அட்டைகளைத் தயாரித்தார். புகையிலைக் கடைகளில் விற்கும் வெற்று அட்டைகளை வாங்கி, அரசு அலுவலகத்தின் ரப்பர் முத்திரையைத் தூரிகையால் வரைவார்; அச்சடித்த முத்திரையா, கையால் வரைந்ததா என்று வேறுபாடு காண முடியாது. இறுதியில் அவரே பிடிபட்டு நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார். உயிர்பிழைத்து, போருக்குப்பின் பாரிஸில் வாழ்ந்தார்.

கேலிச்சித்திரத்தில் தாராளமாக மீறிய அதே கை, முத்திரையில் மயிரிழையும் மீறவில்லை. எது எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தவரால்தான் எதை எவ்வளவு தள்ளலாம் என்று தீர்மானிக்க முடியும்.

இந்தக் கலை ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது

கோமாளி முகங்களும் கோரமான அசுர உருவங்களும் பழைய காலத்திலிருந்தே உண்டு. ஆனால் உயிரோடிருக்கும் குறிப்பிட்ட ஒருவரின் முகத்தை விளையாட்டாக மாற்றி வரைவது ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான், இத்தாலியின் பொலோனியாவில் கராச்சி குடும்பத்து ஓவியர்களிடம், தொடங்குகிறது. அடுத்த தலைமுறையில் ரோமின் மாபெரும் சிற்பி பெர்னினி, தாம் பளிங்கில் மார்பளவுச் சிலையாக வடித்த அதே கார்டினல் போர்கேஸேயைச் சில கோடுகளில் உப்பிய கன்னமும் மடிந்த கழுத்துமாகவும் வரைந்திருக்கிறார்.

ஏன் அதற்கு முன் இல்லை? 1930களில் வியன்னாவில் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர் எர்ன்ஸ்ட் கிரிஸ். அருங்காட்சியகத்தில் கலைப்பொருள்களைப் பேணும் பணியிலிருந்துகொண்டே ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வையும் பயின்றவர். அவரோடு சேர்ந்து உழைத்த இளைஞர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச், பிற்காலத்தில் உலகமே அறிந்த கலை வரலாற்றாசிரியர். இருவருமே நாஜிகளின் நிழல் படர்ந்த வியன்னாவைவிட்டு லண்டனுக்குப் போக நேர்ந்தது. கேலிச்சித்திரம் பற்றி அவர்கள் இணைந்து எழுதிய சிறு நூல் 1940இல் இங்கிலாந்தில் வெளிவந்தது.

அவர்களுடைய விடையின் சாரம் இது. படத்துக்கும் ஆளுக்கும் இடையே மாயத் தொடர்பு உண்டு, படத்தைச் சிதைத்தால் ஆளுக்கும் ஊறு வரும் என்று மனிதர்கள் உள்ளூர நம்பியவரை, ஒருவரின் முகத்தைச் சிதைத்து வரைவது விளையாட்டாக இருக்க முடியாது. அது சூனியம்போன்ற ஒரு தாக்குதல். குற்றவாளியின் உருவத்தைத் தூக்கில் தொங்குவதாக வரைந்து பொது இடத்தில் மாட்டும் வழக்கம் இடைக்கால ஐரோப்பாவில் இருந்தது. படம் என்பது வெறும் படமே என்ற உணர்வு உறுதிப்பட்ட பிறகே, அதே சிதைவு சிரிப்புக்கு உரியதாக மாற முடிந்தது. ஆனாலும் பழைய அச்சம் முற்றிலும் போய்விடவில்லை. ஒரு தலைவரின் சித்திரத்தைக் கண்டு ஆதரவாளர்கள் கொதிப்பதில் அந்தப் பழைய உணர்வின் மிச்சம் இன்றும் இருக்கிறது.

பின்னாளில் கோம்பிரிச், ஜெனீவாவின் பள்ளி ஆசிரியரும் சித்திரக்காரருமான ரொடோல்ஃப் டோப்ஃபெர் 1845இல் எழுதிய ஒரு கருத்தை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு கிறுக்கலாக வரைந்த முகத்துக்கும் ஏதோ ஒரு குணம், ஒரு மனநிலை வந்துவிடும் என்பதே அது. புருவக் கோட்டைச் சற்றே சாய்த்தால் ஆள் சந்தேகக்காரர் ஆகிவிடுகிறார். எனவே கலைஞர் கிறுக்கிப் பார்த்து, எது எந்த உணர்வைத் தருகிறது என்று கவனித்து, தேவையானதை வைத்துக்கொள்கிறார். முகத்தின் விலகலோடு இந்தக் குணத்தையும் பொருத்தும்போதுதான், ‘இவர் இன்னார்’ என்பதோடு ‘இவர் இப்படிப்பட்டவர்’ என்ற தீர்ப்பும் சித்திரத்தில் ஏறுகிறது.

தனிமனிதரும் வகைமாதிரியும்

இதுவரை பேசியது தனிமனிதரின் முகம் பற்றி. ஒரு கூட்டத்தினரை ஒரே முகத்தால் குறிப்பதற்கு வகைமாதிரி என்று பெயர். இங்கேதான் இந்தக் கலையின் மிக இருண்ட பகுதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது.

வியன்னாவில் 1861இல் தொடங்கிய ‘கிகெரிகி’ என்ற நகைச்சுவை இதழ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் யூத வெறுப்பின் குரலாக மாறியது. அதில் வந்த யூத உருவங்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. யாரையும் பார்த்து வரைந்தவையல்ல. மேற்பார்வைக்கு அதுவும் கேலிச்சித்திரம்போலவே இருக்கும், ஆனால் வழிமுறை நேர்மாறானது. கேலிச்சித்திரம் ஒருவர் மற்றவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறார் என்று உற்றுப் பார்க்கிறது; வெறுப்பின் வகைமாதிரியோ ஒரு கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரின் வேறுபாட்டையும் அழித்து, எல்லோர்மீதும் ஒரே முகமூடியை மாட்டுகிறது. முன்பு பார்த்த கணக்கில் சொன்னால், அங்கே அளக்கப்படும் ஆளே இல்லை. அந்த முகமூடி எதில் போய் முடிந்தது என்பதற்கு கிரிஸ், கோம்பிரிச், ஷ்பீரா ஆகியோரின் அலைக்கழிந்த வாழ்க்கைகளே சாட்சி.

வகைமாதிரியைக் கொண்டு நேர்மையான வேலை செய்யவே முடியாதா என்றால், முடியும் என்று காட்டியவர் மான்ஃப்ரெட் டைக்ஸ் (1949–2016). கீழ் ஆஸ்திரியாவில் சாங்க்ட் பெல்டனில் பிறந்து, பெற்றோர் நடத்திய கிராமத்து மதுவிடுதியில் வந்துபோகும் மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவர். இரோனிமுஸ் விட்டுவிடுவதையெல்லாம் டைக்ஸ் வரைவார்: சிவந்த தோலின் மடிப்பு, சட்டைப் பொத்தானைத் தெறிக்கவைக்கும் தொந்தி, மூக்கு மயிர், இடைவெளி விட்ட பற்கள், அத்தனையும் பொறுமையான நீர்வண்ணத்தில். அவர் சிரித்தது சிறுபான்மையினரைப் பார்த்து அல்ல. தன் சொந்த ஊர்ப் பெரும்பான்மையின் பாசாங்கையும், நாஜிக் காலத்தைப் பற்றிய வசதியான மறதியையும் பார்த்தே. அவருடைய உருவங்கள் எவ்வளவு பழகிப்போயின என்றால், அத்தகைய ஆளைக் குறிக்கும் ‘டைக்ஸ் உருவம்’ என்ற சொல் ஜெர்மன் அகராதியான டூடனில் இடம்பெற்றது.

அவமதிப்பு என்ற குற்றச்சாட்டுக்கும் ஆஸ்திரியாவிலேயே ஒரு சான்று உண்டு. கெர்ஹார்ட் ஹாடெரெர் என்ற சித்திரக்காரர் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி 2002இல் வெளியிட்ட படநூலுக்காக, கிரேக்க நீதிமன்றம் ஒன்று 2005 ஜனவரியில், அவர் இல்லாமலேயே வழக்கை நடத்தி, ஆறு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அதே ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு தள்ளுபடியானது. ஒரு சித்திரம் புண்படுத்துகிறதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால், அது யாரை, எந்த அதிகாரத்தை, எவ்வளவு கவனமாகப் பார்த்து வரைந்தது என்ற கேள்வி இருக்கிறது.

கிரெம்ஸில் ஒரு கட்டடம்

வியன்னாவுக்கு மேற்கே, டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள கிரெம்ஸ் நகரில் 2001இல் கேலிச்சித்திர அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் பைஷ்ல். கூரையின் விளிம்பு ரம்பத்தின் பற்களைப் போல முக்கோணம் முக்கோணமாக எழுந்திறங்குகிறது. இரண்டு தொழில்களும் ஒரே இடத்தில் சந்தித்த கட்டடம் அது. உள்ளே இரோனிமுஸின் சித்திரங்களுக்கு ஒரு தனியறையும், டைக்ஸுக்கு நிரந்தரக் காட்சியும் ஏற்பட்டன. பைஷ்ல் 2019 நவம்பரில், 91ஆம் வயதில், வியன்னாவில் காலமானார்.

அங்கே போக வாய்ப்பவர்கள் முதலில் இரோனிமுஸின் அறையில் ஒரு முகத்தின் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு டைக்ஸின் காட்சிக்குப் போகலாம். ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு கோடுகளில் ஒரு பிரதமர். அடுத்ததில் ஒரு கன்னத்தின் சிவப்புக்கு மட்டும் எத்தனையோ தூரிகைத் தீற்றல்கள்.